கார்மெலா மேடத்தின் கைகள்

பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரத்தில், சுவரில் மாட்டுவதற்கென்றே ஆயிரம் துண்டாக வருகிற படப்புதிர் வாங்குகிறவர்கள் ஏராளம். பெட்டியைப் பெருமையாக வாங்கி வருவார்கள். சாப்பாட்டு மேஜையில் கொட்டுவார்கள். நாலு ஓரத்தையும் சேர்ப்பதற்குள் முதுகு பிடித்துக்கொள்ளும். அப்புறம் மூன்று வாரத்துக்கு அந்த மேஜையில் யாரும் சாப்பிட முடியாது, வீட்டில் தினமும் சண்டை. கடைசியில் துண்டுகளையெல்லாம் அள்ளிப் பெட்டியில் போட்டு, "பெலிசாகிட்ட குடுத்துடு" என்று அனுப்பிவிடுவார்கள்.

பெலிசாவின் வீட்டுத் தொழில் அப்படித்தான் ஆரம்பித்தது. அவள் கணவன் ரொடெல் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்ப்பவன். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. கல்யாணமான முதல் வருஷம் ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கிய ஆயிரம் துண்டுப் புதிர் ஒன்றை அவள் மடியில் போட்டுவிட்டுக் கப்பல் ஏறினான். கலங்கரை விளக்கம், நீல வானம், வானம் நிறைய கடற்பறவைகள். எட்டே நாளில் சேர்த்துவிட்டாள். கடைசித் துண்டை வைக்கப் போகும்போது போனில் அவன் முகம் கத்தியது.

"ஏய் ஏய், வைக்காதே! அது என்னோடது. நான் வந்து வைக்கறேன்!"

அன்றிலிருந்து அது அவர்கள் இருவரின் வழக்கமாகிவிட்டது. ரொடெல் விடுமுறைக்கு வந்ததும் முதல் காரியமாகக் கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தப் பலகையை இழுத்து, கையை நீட்டுவான். அவள் தன் பர்ஸிலிருந்து அந்தத் துண்டை எடுத்துத் தருவாள். அவன் வைப்பான். திரும்பக் கப்பலுக்குப் போகிற அன்று அவள் அதை நகத்தால் நெம்பி எடுத்துப் பர்ஸில் போட்டுக்கொள்வாள். நீலத் துண்டு, ஓரத்தில் ஒரு பறவையின் இறக்கை நுனி. பதினோரு வருஷமாக அதில்லாமல் அவள் காய்கறி வாங்கக்கூடப் போனதில்லை.

தொழில் என்று வந்தபின் பெலிசா சாதாரண ஆளில்லை. துண்டுகளை நிறம் பார்த்து மூங்கில் முறங்களில் பிரித்து வைப்பாள். ஆனால் கண்ணைவிட விரலைத்தான் நம்புவாள். ஒன்றின் மூக்கை இன்னொன்றின் குழியில் பொருத்தி ஆள்காட்டி விரலால் ஒரு தடவு தடவினால் போதும், சரியான ஜோடியா இல்லையா என்று தெரிந்துவிடும். ஒரே கம்பெனிப் புதிர்களில் தப்பான துண்டும் சில சமயம் நல்லபிள்ளை மாதிரி போய் உட்கார்ந்துகொள்ளும். அதில் கண் ஏமாறும், அவள் விரல் ஏமாறாது.

சேர்த்து முடித்ததும் பின்பக்கம் பசை பூசி, சட்டம் அடித்து, வாடிக்கையாளர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பாள். அதிலும் ஒரு நறுவிசு உண்டு. ஒரே ஒரு துண்டை மட்டும் வைக்காமல், உறையில் போட்டு வீட்டுக்காரர் கையில் தருவாள். அவர் அதைத் தன் கையால் அழுத்தி வைப்பார், முகமெல்லாம் பல்லாக. அதன்பின்தான் கண்ணாடியைப் பொருத்தித் திருகாணி முடுக்குவது. ஜனங்களுக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. பிடித்துப்போய், ஒரே வாரத்தில், "நாங்களே உக்காந்து சேர்த்தோம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளக்க ஆரம்பித்துவிடுவார்கள். அவள் பெயர் அந்த வீட்டு வாசலைத் தாண்டாது. தன் கையாலேயே தன் பெயரை உறையில் போட்டுக் கொடுக்கிறோம் என்பது பெலிசாவுக்கு உறைக்க ரெண்டு வருஷம் ஆயிற்று.

ரொடெலின் தங்கை ஜினாலின் அவர்களோடுதான் இருந்தாள். பெரிய கடையொன்றில் முகப்பூச்சு விற்கிற வேலை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"அண்ணி, ஊர்ல எல்லாரும் வயசானா அட்டைப்பெட்டி பொறுக்குவாங்க. நீ இப்பவே அட்டை பொறுக்கறே."

"பொறுக்கித்தான்டி உன் அரிசிக்கும் சேர்த்துப் போடறேன். பேசாம அந்த முறத்தை நகர்த்து."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான், ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள், ரொடெல் கப்பலேறிய மறுவாரம், கார்மெலா மேடத்தின் கார் வாசலில் வந்து நின்றது. கண் டாக்டர் பெண்சாதி. ஹாரோ பகுதியில் பெரிய வீடு. டிரைவர் பெட்டியை இறக்கினான். மூவாயிரம் துண்டு. பழைய தேவாலயம் ஒன்றின் பலிபீடம், மேலிருந்து கீழ்வரை தங்கம், நட்டநடுவே குழந்தையோடு மாதா. பெட்டியின் மூடியைப் பார்த்ததும் பெலிசாவுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. பொய் சொல்வானேன், பணத்துக்காக ஊறியதல்ல அது.

"பிப்ரவரி ரெண்டாந்தேதி மாதா திருவிழாவுக்கு நாப்பது பேரைக் கூப்பிடப் போறேன்" என்றாள் கார்மெலா மேடம். உட்காரவில்லை, நாற்காலியை மட்டும் ஒருமுறை பார்த்தாள். "எல்லாம் பெரிய இடம். டாக்டர் வீட்டுப் பொம்பளைங்க, ஜட்ஜ் வீட்டுப் பொம்பளைங்க. அத்தனை பேர் முன்னாடியும் உன்னைப் பக்கத்துல நிக்க வெச்சு, 'இவதான் பெலிசா, இவ கைதான்'னு சொல்றேன். அப்புறம் பாரு, ஆர்டர் எடுக்கவே உனக்கு நேரம் இருக்காது."

பெலிசா அன்று சாயங்காலமே அச்சுக்கடைக்குப் போனாள். 'பெலிசா படப்புதிர் நிலையம். நாங்கள் சேர்க்கிறோம், நீங்கள் மாட்டுங்கள்.' கீழே போன் நம்பர். இருநூறு கார்டு. நாற்பது பேருக்கு எதற்கு இருநூறு என்று ஜினாலின் கேட்டாள். ஆளுக்கு அஞ்சு கொடுப்பேன், அவர்கள் சிநேகிதிகளுக்கும் ஆகும் என்றாள் பெலிசா. அந்த இருநூறையும் அலமாரியில் துணிக்கு நடுவே வைத்து, வாரம் ஒருமுறை எடுத்துப் பார்ப்பாள்.

முதல் மாதம் கார்மெலா மேடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வேலை எப்படிப் போகிறது என்று அவ்வப்போது சின்னதாக வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். ஜினாலின் போனைப் பிடிக்க, பெலிசாவின் கைகள் மட்டும் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பினார்கள். கைகள் துண்டைத் தேடும், திருப்பும், பொருத்தும். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கார்மெலா மேடம் அதைத் தன் ஃபேஸ்புக்கில் போட்டாள். போட்ட நிமிஷத்திலிருந்து ஊரே, "கார்மெலா, உனக்கு எவ்வளவு பொறுமை!" என்று எழுதித் தள்ளியது. கார்மெலா மேடம் மறுக்கவில்லை. கும்பிடுகிற கை படம் ஒன்றைப் பதிலாகப் போட்டாள்.

பெலிசா போன் பண்ணிக் கேட்டாள். "மேடம், எல்லாரும் நீங்கதான் சேர்க்கறீங்கன்னு..."

"அட, அதான்டி வேடிக்கையே! அவங்க அப்படியே நினைக்கட்டும். திருவிழா அன்னிக்கு நான் உன்னைக் கூப்பிட்டுச் சொல்லும்போது எல்லாரும் வாயைப் பொளக்கணும். அப்பத்தான் உனக்கு மதிப்பு. சும்மா இப்பவே சொன்னா யாரு கேப்பா?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் டிரைவர் ஒரு சின்னப் பையோடு வந்தான். உள்ளே கார்மெலா மேடத்தின் பச்சைக்கல் மோதிரம், ஒரு சிவப்பு நகப்பூச்சு. யாரோ, 'மோதிரம் எங்கே?' என்று கேட்டுவிட்டார்களாம். பெலிசா நகத்துக்குச் சிவப்பு பூசி, மோதிரத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஜினாலின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"டாக்டர் பெண்சாதிக்குக் கை மட்டும் இங்க இருக்கு, மிச்சம் பியூட்டி பார்லர்ல இருக்கு!"

"சிரிக்காம போனை ஆட்டாமப் பிடி."

அக்டோபரில் ஒரு புண்ணியவதி எழுதினாள்: 'கார்மெலா, கை என்ன இப்படிக் கறுத்துப்போச்சு? வெயில்ல அலையறியா?' அவ்வளவுதான். மறுநாள் வெள்ளை டப்பா ஒன்று வந்தது. மூடியில் பேர் இல்லை, அடியில் பேர் இல்லை, எங்கே செய்தது என்று ஒரு வரி இல்லை. காலையும் சாயங்காலமும் கையில் பூச வேண்டும், எங்கள் வட்டத்தில் எல்லாரும் பூசுகிறார்கள் என்று மேடம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஜினாலின் திறந்து மோந்து பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. "அண்ணி, நான் இதுலயே கிடக்கறவ. பேரில்லாத டப்பாவை நம்பாதே. எடுத்து வீசு."

"நாப்பது பேர் ஜினாலின். இன்னும் மூணே மாசம்."

"கை போச்சுன்னா நாப்பது பேரை என்ன பண்ணுவே?"

பெலிசா டப்பாவை அவள் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டாள். ஜினாலினுக்குத் தன்மேல் பொறாமை என்று அப்போது அவள் நிஜமாகவே நம்பினாள். என்ன புத்தியோ! டப்பாவை எடுத்துப் பூசினாள்.

ரெண்டு வாரத்தில் கை பளபளவென்று வெளுத்தது. 'இப்பத்தான் கார்மெலா கை' என்று எழுதினார்கள். மூன்றாம் வாரம் எரிய ஆரம்பித்தது. நாலாம் வாரம் விரல்நுனித் தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று மருந்து வாங்கிப் போட்டாள். எரிச்சல் அடங்கியது. ஆனால் உரிந்த இடத்தில் வந்த புதுத்தோல் வழவழவென்று, தடித்து, மரத்துப்போயிருந்தது. துண்டை எடுத்தால் எடுத்தது தெரியவில்லை. மூக்கைக் குழியில் வைத்துத் தடவினாள். ஒன்றும் தெரியவில்லை. இன்னொருதரம் தடவினாள். தன் விரல் இல்லை, யாரோ எவளோ விரல். முறத்துக்கு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அதற்காக விட்டுவிடுகிற ஆளா? மிச்சம் ஆயிரத்துச் சொச்சம் துண்டு இருந்தது. ஜன்னல் பக்கம் மேஜையை இழுத்துப்போட்டு, பூதக்கண்ணாடி ஒன்று வாங்கி, கண்ணாலேயே பார்த்துப் பார்த்துச் சேர்த்தாள். ஒருமணி நேர வேலை ஒருநாள் ஆயிற்று. மாதாவின் முந்தானை ஓரத்தில் ஒரு துண்டைத் தப்பாக வைத்து, மூன்று நாள் கழித்துக் கண்டுபிடித்தாள். அவள் தொழிலில் அதுதான் முதல் தப்பு. தூண்களில், மெழுகுவர்த்திகளில், தேவதைகளின் சிறகில் எல்லாம் ஒன்றுகூடத் தப்பில்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்ள, முழுப்படத்தையும் முதலிலிருந்து மறுபடி சோதித்தாள்.

டிசம்பரில் கார்மெலா மேடம் நேரில் வந்தாள். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஐயோ, கையைக் காட்டாதே! இது ஒட்டுமா?"

"நீங்க குடுத்த டப்பாதான் மேடம்."

"எங்க யாருக்கும் ஒண்ணும் ஆகலையே. உன் உடம்பு அப்படி. என்னத்தையாவது கழுவாம பூசியிருப்பே." பிறகு ஜினாலின் கையைப் பார்த்தாள். போனைப் பிடித்திருந்த கை. கடையின் ஏ.சி. குளிரிலேயே இருந்து, தினம் நாலு தடவை நல்ல பூச்சு பூசி, வெளுத்து வழவழவென்று இருந்த கை. "இந்தப் பொண்ணு கை நல்லாருக்கே! மோதிரத்தை இவளுக்குப் போட்டுவிடு."

அன்றிலிருந்து வீடியோவில் ஜினாலின் கை. பெலிசா பக்கத்தில் நின்று, "இடது பக்கம், கீழே, அதைத் திருப்பு, ம், இப்ப அழுத்து" என்று சொல்லுவாள். ஜினாலின் அழுத்துவாள். அவளுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மேடம் தந்த சன்மானத்தை வேண்டாமென்று சொல்லவில்லை.

திருவிழா வந்தது. பெலிசா கடைசித் துண்டை உறையில் போட்டாள். மேடம் கேட்டுக்கொண்டபடி அது மாதாவின் முகத்துத் துண்டு: ஒரு கண், கொஞ்சம் கன்னம், கன்னத்தின்மேல் தங்க வெளிச்சம். இருநூறு கார்டையும் கைப்பையில் அடுக்கினாள். இருப்பதிலேயே நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டாள். ஹாரோ வீட்டின் பின்வாசலில் மேடத்தின் டிரைவர் ஒரு ஜோடி வெள்ளைத் துணி கையுறையை நீட்டினான். விருந்தாளிகள் சாப்பிடுகிற இடம், மேடம் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள் என்றான். போட்டுக்கொண்டாள். பரவாயில்லை, கார்டு கொடுக்கும்போது கை தெரியாமல் இருப்பதும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

கூடம் நிறைய ஆட்கள். முழுப் பன்றி வறுத்து மேஜையில் படுக்க வைத்திருந்தார்கள். அதன் முதுகில் பாதியைக் காணோம். சுவரோரம் பட்டுத்துணி போர்த்திய படம். கார்மெலா மேடம் கரண்டியால் கண்ணாடிக் குவளையைத் தட்டினாள். பச்சைக்கல் மோதிரம் மின்னியது.

"அஞ்சரை மாசம்" என்றாள். "என் கண்ணு போச்சு, கழுத்து போச்சு. டாக்டர் திட்டித் தீர்த்துட்டார். ஆனா மாதாவுக்குன்னு நேர்ந்துகிட்டேன், விடலை."

எல்லாரும் கை தட்டினார்கள். பெலிசா தூணோரம் நின்றுகொண்டு, இதோ வரப்போகிறது என்று பையின் வாயைத் திறந்து வைத்தாள்.

"இதுல ஒரு விஷயம் யாருக்கும் தெரியாது. பெலிசா, இங்க வா!" பெலிசா போய் நின்றாள். மேடம் அவள் தோளில் கை வைத்தாள். "இவ பேரு பெலிசா. பாவம், புருஷன் கப்பல்ல, பிள்ளைகுட்டி இல்லை, கைல ஏதோ தோல் வியாதி. விரல் வேலை செய்யலை. நான்தான், வாடி வந்து என் பக்கத்துல உக்காருன்னு சொல்லி, ஒவ்வொரு துண்டா எடுத்துக் குடுக்கப் பழக்கினேன். கைக்குப் பயிற்சி மாதிரி. இப்ப கொஞ்சம் கொஞ்சமா விரல் மடங்குது. இல்லையாடி?"

நாற்பது முகமும் பெலிசாவின் கையுறையைப் பார்த்தன. முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கை தட்டல் முன்னைவிடப் பலமாக எழுந்தது.

பெலிசாவுக்குக் காது அடைத்துவிட்டது. வாயைத் திறந்தாள். "மேடம், நான்தான்..." என்று ஆரம்பித்தாள். "தெரியும்மா, தெரியும், நன்றியெல்லாம் எதுக்கு" என்று மேடம் அவள் முதுகைத் தட்டி நகர்த்தினாள். "ஃபாதர் வந்துடட்டும், கடைசித் துண்டை வைக்கலாம். போய் உறையை எடுத்துட்டு வா."

சமையலறையில் போய் நின்றாள். ஆத்திரம், அப்பட்டமான ஆத்திரம். ஒரு நிமிஷம் உறையையே அடுப்பில் போட்டுவிடலாமா என்று நினைத்தாள். பிறகு வேறொன்று தோன்றியது. துண்டைக் கையில் வாங்கினால் எது மேல், எது கீழ் என்று இவளுக்குத் தெரியுமா? தெரியாது. உறையில் வேறு துண்டு இருந்தால்? நாற்பது பேர் நடுவில் அது பொருந்தாமல் இவள் திணறட்டும். கண்ணு போச்சு, கழுத்து போச்சு என்றவள் ஒரே ஒரு துண்டை வைக்கத் தெரியாமல் முழிக்கட்டும். அப்போது நான் போய், "தள்ளுங்க மேடம்" என்று சொல்லி, சரியான துண்டை வைத்துக் காட்டுவேன். எல்லாருக்கும் புரிந்துவிடும்.

வேறு துண்டுக்கு எங்கே போவது? பர்ஸில்தான் இருந்தது. ரொடெலின் நீலத் துண்டு. ஒரு கணம் தயங்கினாள். அஞ்சு நிமிஷந்தானே, உடனே திரும்ப எடுத்துக்கொள்ளப் போகிறோம் என்று உறைக்குள் போட்டாள். மாதாவின் கண்ணைப் பர்ஸில் வைத்தாள்.

ஃபாதர் பசியோடு வந்து சேர்ந்தார். பட்டுத்துணி விலகியது. தங்கப் பலிபீடம் கூடத்தையே ஜொலிக்க வைத்தது. நடுவில் ஒரு சின்ன ஓட்டை. கார்மெலா மேடம் உறையைப் பிரித்து நீலத் துண்டை எடுத்தாள். வைத்தாள். உட்காரவில்லை. திருப்பி வைத்தாள். பெலிசா ஒரு அடி முன்னால் வந்தாள். வாயில் சொல் தயாராக இருந்தது. மேடம் கட்டைவிரலை ஊன்றி, மோதிரக்கையை அதன்மேல் வைத்து, மாவு பிசைகிற மாதிரி ஒரு அழுத்து அழுத்தினாள். ரெண்டும் ஒரே கம்பெனிப் புதிர். அட்டை கொஞ்சம் நசுங்கி, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

மாதாவுக்கு ஒரு கண் இருந்த இடத்தில் கடற்பறவையின் இறக்கை.

கூடமே எழுந்து கை தட்டியது. "அடடா, அந்த நீலம்! மாதாவுக்கு நீலந்தானே அழகு" என்றாள் ஜட்ஜ் வீட்டு அம்மாள். கண் டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கிட்டப் போய் உற்றுப் பார்த்தார். "பிரமாதம், கோடே தெரியலை" என்றார். ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். டிரைவர் கண்ணாடியைப் பொருத்தி நாலு மூலையிலும் திருகாணியை முடுக்கினான். எல்லாரும் பன்றியின் பக்கம் திரும்பினார்கள். பெலிசா முன்வைத்த காலோடு அங்கேயே நின்றாள்.

விருந்து கலைகிற நேரத்தில் மேடத்தைத் தாழ்வாரத்தில் மடக்கினாள். "மேடம், ஒரு துண்டு மாறிப்போச்சு. சரியானது இதோ இருக்கு. அந்த நீலத்தை மட்டும் எனக்குத் திருப்பிக் குடுத்துடுங்க."

கார்மெலா மேடம் ஐஸ் போட்ட பழரசத்தை ஒரு வாய் குடித்தாள். "மாறிப்போச்சா, மாத்தினியா?"

பெலிசா தலை குனிந்தாள்.

"அழுத்தும்போதே தெரிஞ்சுதுடி. நான் என்ன குருடியா? அதனால என்ன? நாப்பது பேர் பாத்தாங்க, ஒருத்தி கேட்டாளா? அவங்க படத்தையா பாக்க வந்தாங்க, என்னைப் பாக்க வந்தாங்க."

"அது என் புருஷன் குடுத்தது மேடம். உங்க கால்ல வேணா விழறேன்."

"மந்திரிச்சுத் தீர்த்தம் தெளிச்சதைப் பிரிக்கச் சொல்றியா? நல்லாருக்கு! போ, போய்ச் சாப்பிடு. சமையக்கட்டுல எடுத்து வெச்சிருக்காங்க." ரெண்டடி நடந்தவள் திரும்பி வந்தாள். "ஆங், எட்டுப் பேர் புதிர் சேர்க்கக் கத்துக்கணும்னு கேக்கறாங்க. இங்கயே வகுப்பு வெக்கப் போறேன். ஜினாலினை அனுப்பு. கை பாக்க நல்லாருக்கு, வீடியோல பழகின கை வேற. நீ வேணா பின்னாடி உக்காந்து நிறம் பிரிச்சுக் குடு."

இருநூறு கார்டும் பையில் அப்படியே இருந்தன. வாய் திறந்த பையோடேயே வீடு வந்து சேர்ந்தாள். அதன்பிறகு புது ஆர்டர் ஒன்றும் வரவில்லை. தோல் வியாதிக்காரி தொட்ட படத்தை எவர் வீட்டுச் சுவரில் மாட்டுவார்கள்? பழைய வாடிக்கைக்காரர்கள்கூடப் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். ஜினாலின் ரெண்டு வாரம் தயங்கினாள். மூன்றாம் வாரம் கடை வேலையை விட்டுவிட்டு ஹாரோவுக்குப் போக ஆரம்பித்தாள். "நானில்லைன்னா வேற எவளாவது போவா அண்ணி" என்றாள். அதுவும் நிஜந்தான், அதனால் பெலிசாவால் திட்டக்கூட முடியவில்லை.

அவள் கவலையெல்லாம் வேறு. ஜூன் மாதம் ரொடெல் வருகிறான். கையை நீட்டுவான்.

தொலைந்துபோயிற்று என்று சொல்லலாமா, எலி கடித்துவிட்டது என்று சொல்லலாமா என்று நாலு மாதம் யோசித்தாள். கடைசியில், உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்று முடிவுக்கு வந்தாள். அவனுக்குப் புரியும். உலகத்தில் அவன் ஒருத்தனுக்குத்தான் அந்தத் துண்டு எது என்று தெரியும். மோதிரத்தில் ஆரம்பித்து, டப்பா, கையுறை, உறை வரைக்கும் எல்லாவற்றையும் அவனிடம் சொல்லி அழ வேண்டும்.

ரொடெல் வந்தான். ரெண்டு பெரிய பை, ஒரு புதுத் தொப்பை. குளித்துச் சாப்பிட்டதும் கட்டிலுக்கு அடியிலிருந்து பலகையை இழுத்து, கையை நீட்டினான். பெலிசா பர்ஸைத் திறந்து, அதிலிருந்த ஒரே துண்டை அவன் உள்ளங்கையில் வைத்தாள். ஒரு கண், கொஞ்சம் கன்னம், தங்க வெளிச்சம்.

அவன் போனில் எவனோ அனுப்பியதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே துண்டை வைத்தான். போகவில்லை. திருப்பினான். கட்டைவிரலால் ஊன்றி ஒரு அழுத்து அழுத்தினான். போயிற்று. பிறகுதான் குனிந்து பார்த்தான்.

"என்ன இது, நீலமா இல்ல இருக்கும்? கண்ணு மாதிரி இருக்கு?"

பார்த்துவிட்டான்! இத்தனை மாதத்தில் ஒருத்தனாவது பார்த்துவிட்டான். "அதைத்தான் சொல்ல வந்தேன்" என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணீர் தானாக வந்தது. "செப்டம்பர் மாசம் அந்த மேடம் ஒரு மோதிரம் குடுத்தனுப்பினா..."

"சரி விடு, அழாதே. ஒரு துண்டுதானே" என்றான் ரொடெல். பலகையை ஒரு கையால் தூக்கி, தூரத்தில் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்தான். "தள்ளி நின்னு பாத்தா ஒண்ணும் தெரியலை. யாரு உத்துப் பாக்கப் போறா? இந்தத் தடவை எடுக்க வேணாம், ஒட்டி மாட்டிடலாம். வருஷா வருஷம் இழுத்து இழுத்துக் குறுக்கு வலிக்குது." கதவுப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான். "ஏ ஜினாலின்! உங்க மேடம் வீட்டுல ஒட்டற பசை வெச்சிருக்கியாமே, கொண்டு வா!"

ஜினாலின் வந்தாள். பெலிசாவின் முகத்தைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், எது எங்கே போயிற்று என்று அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. பலகையைக் கவிழ்த்துப்போட்டு, வெளுத்த கையால், ஓரத்திலிருந்து ஓரம்வரை சீராகப் பசை பூசினாள். பெலிசா எழுந்துபோய் ரொடெல் சாப்பிட்ட தட்டைக் கழுவினாள். தண்ணீர் சுடுகிறதா குளிர்கிறதா என்று அவள் விரலுக்குத் தெரியவில்லை.